மனச்சோர்வுக்கு எச்சிகிச்சை எவருக்குப் பயன்தரும்? முன்கணிப்பு ஆய்வுகளின் அடிப்படையும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

மனச்சோர்வு நோய்க்கு இன்று மருந்துகளும் உளச்சிகிச்சை முறைகளும் பல உள்ளன. அவற்றின் சராசரிப் பயன்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் ஒருவருக்கு நலம் தந்த சிகிச்சை மற்றொருவருக்குப் பயனற்றுப் போகிறது. எவருக்கு எது பயன்தரும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்னரே அறிய முடியுமா என்னும் வினா அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. ‘இவர் குணமடைவாரா’ என்னும் கணிப்பும் ‘இவருக்கு இதுவா, அதுவா’ என்னும் கணிப்பும் வேறு வேறானவை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. இரண்டாவது வகைக் கணிப்பே சிகிச்சைத் தேர்வுக்கு உதவும் என்பதும், அதனைப் பிற இடங்களிலும் சோதித்து உறுதிசெய்தல் வேண்டும் என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, முன்கணிப்பு, சமவாய்ப்புப் பகுப்பு, உயிரியல் அடையாளம், எந்திரக் கற்றல், உளச்சிகிச்சை.

முன்னுரை

மனச்சோர்வால் பாதிக்கப்பட்ட ஒருவர் மருத்துவரை நாடுகிறார். மருத்துவர் ஒரு மாத்திரையை எழுதித் தருகிறார். அதன் பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பயனில்லையெனில் மருந்தின் அளவு கூட்டப்படுகிறது, அல்லது வேறு மருந்து தரப்படுகிறது. மீண்டும் காத்திருப்புத் தொடங்குகிறது. இவ்வாறு கழியும் மாதங்களில் நோயாளர் வேலையை இழக்கலாம்; படிப்பு தடைப்படலாம்; ‘எனக்கு எதுவும் பயன்படாது’ என்று நம்பிச் சிகிச்சையையே கைவிடலாம். தற்கொலை எண்ணம் உடையவர்க்கு இக்காத்திருப்பு உயிராபத்தாகவும் முடியக்கூடும். ஆகவே முதல் முயற்சியிலேயே பொருத்தமான சிகிச்சையைத் தேர்வது மருத்துவ வசதி பற்றிய சிக்கல் மட்டுமன்று. உயிர் பற்றிய சிக்கலுமாகும்.

நோயுற்றவரின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதியே மருத்துவர் செயல்பட வேண்டும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் அறிவுறுத்துகிறது. நோயின் அளவை மதிப்பிடப் பல கருவிகள் இன்று உள்ளன. ‘நோயுற்றவரின் நிலை’ என்பதை எவ்வாறு அளப்பது, அவ்வளவீட்டிலிருந்து சிகிச்சையை எவ்வாறு தேர்வது என்பன இன்னும் முழுமையாகத் தீராத வினாக்கள். அவற்றிற்கு விடை தேடிய ஆய்வுகளை இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது.

சராசரிப் பயனும் தனியாள் பயனும்

2018ஆம் ஆண்டில் சிப்ரியானி குழுவினர் லான்செட் இதழில் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். 21 மனச்சோர்வு மருந்துகள் குறித்த 522 மருத்துவச் சோதனைகளும், அவற்றில் பங்கேற்ற 1,16,477 நோயாளரின் தரவுகளும் அதில் ஒப்பிடப்பட்டன. 21 மருந்துகளும் மருந்துப்போலியைவிடக் கூடுதலான பயன் தந்தன. ஆனால் மருந்துகள் தமக்குள் கொண்டிருந்த வேறுபாடு பெரிதன்று. எனவே ‘எம்மருந்து சிறந்தது’ என்னும் பொதுவினாவுக்குக் கிடைக்கும் விடை, எதிரே அமர்ந்திருக்கும் ஒரு நோயாளருக்கு எதைத் தருவது என்பதைத் தெளிவாக்குவதில்லை.

இந்நிலையை அமெரிக்காவின் ‘ஸ்டார்-டி’ ஆய்வு வேறொரு கோணத்தில் காட்டியது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் நிதியுதவியுடன் நடைபெற்ற இவ்வாய்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் சேர்க்கப்பட்டனர். முதற்படியில் அனைவருக்கும் சிட்டலோபிராம் என்னும் மருந்து வழங்கப்பட்டது. அதில் போதிய பயன் பெறாதவர் அடுத்தடுத்த படிகளுக்குச் சென்றனர். 2006ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, நோய்க்குறிகள் ஏறக்குறைய முற்றிலும் நீங்கிய நிலையை (இதனை இக்கட்டுரை ‘முழுத்தணிவு’ எனக் குறிக்கிறது) முதற்படியில் 36.8 விழுக்காட்டினரும், இரண்டாம் படியில் 30.6 விழுக்காட்டினரும் எய்தினர். மூன்றாம், நான்காம் படிகளில் அது முறையே 13.7, 13.0 விழுக்காடாகக் குறைந்தது. இரண்டாம் படியில் பியூப்ரோபியான், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் என்னும் மூன்று மருந்துகளுள் ஒன்றுக்கு மாற்றப்பட்டோரிடம் மருந்துக்கு மருந்து குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நான்கு படிகளின் முடிவில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் முழுத்தணிவு பெறுவர் என்று அன்று மதிப்பிடப்பட்டது. 2023ஆம் ஆண்டில் பிகாட் குழுவினர் மூல ஆய்வுத்திட்டத்தின் விதிகளைப் பின்பற்றி அதே தரவுகளை மறுபகுப்பாய்வு செய்து, இவ்வளவு 35 விழுக்காடே என்றனர். இவ்விரு மதிப்பீடுகள் குறித்த விவாதம் ஒருபுறம் இருக்க, ஒரு செய்தியில் இரண்டும் ஒத்துப்போகின்றன: முதல் மருந்திலேயே முழுமையான நலம் பெறுவோர் சிறுபான்மையினரே. எஞ்சியவர்க்குச் சிகிச்சைத் தேர்வு இன்றளவும் ‘முயன்று பார்த்து மாற்றுதல்’ என்னும் முறையிலேயே நடைபெறுகிறது.

முன்கணிப்பின் இருவகை

முன்கணிப்பு என்னும் ஒரே சொல் இரு வேறு பொருள்களில் ஆளப்படுவதால் இத்துறையில் குழப்பங்கள் நேர்கின்றன. ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் வழி இதனை விளக்கலாம்.

நோய் அண்மையில் தொடங்கியவர் 200 பேர் எனக் கொள்வோம். அவர்களுள் 100 பேருக்கு மருந்தும் 100 பேருக்கு உளச்சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் 60 பேர் குணமடைகின்றனர். நோய் நெடுங்காலம் நீடித்தவர் 200 பேரும் அவ்வாறே இரு பிரிவாக்கப்படுகின்றனர். அங்கு ஒவ்வொரு பிரிவிலும் 30 பேர் குணமடைகின்றனர். இங்கு நோயின் காலஅளவு குணமடைதலை நன்கு முன்னுரைக்கிறது. ஆயினும் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அது உதவாது. எப்பிரிவினர்க்கும் இரு சிகிச்சைகளும் சமமாகவே பயன் தருகின்றன. இதனை விளைவுக் கணிப்பு எனலாம்.

இனி வேறொரு பண்பைக் கொள்வோம். அப்பண்பு உடையவருள் மருந்து பெற்ற 100 பேரில் 60 பேரும், உளச்சிகிச்சை பெற்ற 100 பேரில் 40 பேரும் குணமடைகின்றனர். அப்பண்பு இல்லாதவரிடம் இது தலைகீழாகிறது: மருந்தால் 40 பேர், உளச்சிகிச்சையால் 60 பேர். இரு பிரிவினரையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு சிகிச்சைகளும் 50 விழுக்காடு பயன் தருபவையாகவே தோன்றும். பண்பறிந்து பிரித்தளித்தால் பயன் 60 விழுக்காடாக உயரும். புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படாமலேயே நூறு பேரில் பத்துப் பேர் கூடுதலாக நலம் பெறுவர். இதுவே தேர்வுக் கணிப்பு.

மருத்துவருக்குத் தேவைப்படுவது இரண்டாவதே. ஆனால் வெளியாகும் ஆய்வுகளுள் பல, ஒரே சிகிச்சை பெற்றவர்களை மட்டும் ஆராய்ந்து, குணமடைந்தோரையும் குணமடையாதோரையும் வேறுபடுத்தும் பண்பைக் கண்டறிகின்றன. அப்பண்பு உடையவர் வேறு சிகிச்சையிலும் அவ்வாறே குணமடைந்திருப்பாரா என்பதை அத்தகைய ஆய்வு கூற இயலாது.

ஒப்பிட இரு சிகிச்சைகள் இருந்தால் மட்டும் போதாது. நோயாளர் அவற்றிற்குச் சமவாய்ப்பு முறையில் பகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இயல்பான மருத்துவமனைச் சூழலில் நோய் கடுமையானவர்க்கு மருந்தும், மென்மையானவர்க்கு உளவியல் ஆலோசனையும் மிகுதியாகப் பரிந்துரைக்கப்படலாம். அத்தரவுகளில் தோன்றும் வேறுபாடு சிகிச்சையால் விளைந்ததா, நோயின் கடுமையால் விளைந்ததா என்று பிரித்தறிதல் கடினம்.

உயிரியல் அடையாளத் தேடல்

1957ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் இமிப்ரமின் மருந்தின் பயனை வெளியிட்டபோதே, மனச்சோர்வின் எல்லா வகைகளுக்கும் அது ஒரேபோலப் பயன்படவில்லை என்பதைக் குறித்தார். 1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கார்னி, ராத், கார்சைடு ஆகியோர் நோய்க்குறிகளுக்கு மதிப்பெண் அளித்து, மின்னதிர்ச்சிச் சிகிச்சையின் விளைவை முன்னறிய முயன்றனர்.

1981ஆம் ஆண்டில் பெர்னார்டு கேரல் குழுவினர் டெக்சாமெதசோன் அடக்கச் சோதனையைப் பரிந்துரைத்தனர். டெக்சாமெதசோன் இரவில் வழங்கப்பட்டு, மறுநாள் குருதியில் கார்டிசோல் ஹார்மோனின் அளவு குறைந்துள்ளதா என்று பார்க்கப்படும். கடும் மனச்சோர்வின் ஒரு வகையில் இவ்வளவு குறைவதில்லை என அவர்கள் கண்டனர். உளநோய்க்கும் ஓர் ஆய்வகச் சோதனை கிடைத்துவிட்டது என்னும் நம்பிக்கை எழுந்தது. ஆனால் மறதிநோய், உடல் எடை இழப்பு, மது நிறுத்தம் போன்ற நிலைகளிலும் இதே முடிவு கிடைப்பது பின்னர்த் தெரியவந்தது. பத்தாண்டுகளுக்குள் அச்சோதனை அன்றாட மருத்துவப் பயன்பாட்டிலிருந்து பெரும்பாலும் விலகியது.

மூளைப் படிமவியல் ஆய்வுகளுள் தேர்வுக் கணிப்பை நேரடியாக நாடியது 2013ஆம் ஆண்டில் மெக்ராத், ஹெலன் மேபெர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வாகும். சிகிச்சைக்கு முன்னர் நோயாளரின் மூளையில் குளுக்கோஸ் பயன்பாடு பெட் ஸ்கேன் வழி அளக்கப்பட்டது. பின்னர் அவர்கள் எஸ்சிட்டலோபிராம் மருந்துக்கோ அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கோ சமவாய்ப்பு முறையில் 12 வாரங்களுக்குப் பகுக்கப்பட்டனர். மூளையின் வலப்புற முன் இன்சுலாப் பகுதியில் குளுக்கோஸ் பயன்பாடு குறைந்திருந்தவர்கள் உளச்சிகிச்சையால் முழுத்தணிவு பெற்றனர். மருந்தால் பயன் பெறவில்லை. அது மிகுந்திருந்தவர்களிடம் இதற்கு நேர்மாறான விளைவு காணப்பட்டது.

இம்முடிவு மேற்கூறிய இரண்டாம் எடுத்துக்காட்டின் வடிவை அப்படியே ஒத்தது. ஆயினும் இறுதிப் பகுப்பாய்வில் இடம்பெற்றோர் 38 பேரே. முழுத்தணிவு பெற்றவர், பயனே பெறாதவர் என்னும் இரு முனையினரே ஒப்பிடப்பட்டனர். ஓரளவு நலம் பெற்ற இடைநிலையினர் சேர்க்கப்படவில்லை. மருத்துவமனைக்கு வருபவருள் எவர் இடைநிலையினர் ஆவார் என்பது முன்கூட்டித் தெரியாது. எனவே இதனை வழிகாட்டும் கண்டுபிடிப்பு எனலாம். நடைமுறைச் சோதனை எனல் இயலாது.

மரபணுச் சோதனைகளும் இவ்விடத்தில் கருதத்தக்கன. வணிக நோக்கில் மிகுதியாக முன்வைக்கப்படுபவை இவையே. கல்லீரலில் சிஒய்பி2டி6, சிஒய்பி2சி19 ஆகிய நொதிகள் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தை இச்சோதனைகள் உணர்த்துகின்றன. மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் கருத இது உதவும். ஆனால் மருந்து குருதியில் எவ்வளவு தங்கும் என்பது ஒரு வினா. தங்கிய மருந்து மனச்சோர்வைத் தணிக்குமா என்பது வேறு வினா. 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 1,944 அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் மரபணுத் தகவலை உடனே பெற்ற பிரிவாகவும், அத்தகவல் பின்னரே தரப்பட்ட பிரிவாகவும் பகுக்கப்பட்டனர். முழுத்தணிவில் தோன்றிய நன்மை சிறிதாகவே இருந்தது. 24ஆம் வாரத்தில் அது நிலைக்கவில்லை.

வாழ்க்கைத் தரவுகளும் எந்திரக் கற்றலும்

ஸ்கேன் கருவி இன்றி, நோயாளரிடம் கேட்டறியும் செய்திகளைக் கொண்டே கணிக்கும் முயற்சிகளும் உள்ளன. 2014ஆம் ஆண்டில் டிருபைஸ் குழுவினர் ‘தனியாள் நன்மைக் குறியீடு’ என்னும் முறையை முன்வைத்தனர். மருந்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் ஒப்பிடப்பட்ட சோதனையொன்றில் பங்கேற்ற 154 பேரின் தரவுகள் ஆராயப்பட்டன. மணநிலை, வேலைநிலை, அண்மைக்கால வாழ்க்கை நிகழ்வுகள், ஆளுமைக் கோளாறு, முன்னர் உட்கொண்ட மருந்துகள் ஆகிய ஐந்தும் இரு சிகிச்சைகளின் விளைவை வேறுபடுத்தின. ஒவ்வொருவருக்கும் மருந்தால் எய்தக்கூடிய நிலையும், உளச்சிகிச்சையால் எய்தக்கூடிய நிலையும் தனித்தனியே கணிக்கப்பட்டன. இரண்டின் வேறுபாடே அவருக்குரிய குறியீடு. குறியீடு காட்டிய சிகிச்சையைத் தற்செயலாகப் பெற்றிருந்தவர்கள், மற்றதைப் பெற்றவர்களைவிட மேம்பட்ட நிலையை எய்தியிருந்தனர்.

2016ஆம் ஆண்டில் செக்ரவுட் குழுவினர் ஸ்டார்-டி தரவுகளிலிருந்து எந்திரக் கற்றல் வழி 25 வினாக்களைத் தெரிவுசெய்து, சிட்டலோபிராமால் முழுத்தணிவு பெறுவோரைக் கணித்தனர். கணிப்பின் சரித்தன்மை 64.6 விழுக்காடு. அதனை வேறொரு சோதனையில் எஸ்சிட்டலோபிராம் பெற்றோரிடம் பொருத்தியபோது அது 59.6 விழுக்காடாயிற்று. வென்லாஃபாக்சினும் மிர்ட்டாசபினும் சேர்த்துப் பெற்றோரிடம் 51.4 விழுக்காடாகி, தற்செயலுக்கு மேற்பட்டதாக இல்லை.

இடம் மாறினால் குறையும் சரித்தன்மை

இச்சரிவு தனியொரு நிகழ்வன்று என்பதை அதே செக்ரவுட் 2024ஆம் ஆண்டில் சயின்ஸ் இதழில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு காட்டியது. அது மனச்சோர்வு பற்றியதன்று. மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் குறித்த ஐந்து பன்னாட்டுச் சோதனைகளைப் பற்றியது. ஒரு சோதனையின் தரவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணிப்பு மாதிரி, அச்சோதனைக்குள் நன்கு செயல்பட்டது. அதனைப் பயிற்சியில் இடம்பெறாத மற்றொரு சோதனையின் நோயாளரிடம் பொருத்தியபோது தற்செயலைவிட மேலானதாக இல்லை. ஒரே மருந்துவகை, ஒரே நோய்ப்பெயர் என்றிருந்தும் இவ்வாறு நேர்ந்தது.

மாதிரி தன் தரவின் உண்மையான ஒழுங்கை மட்டும் கற்பதில்லை. அத்தரவுக்கே உரிய தற்செயல் அமைப்புகளையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. ஒரே வினாத்தாளைப் பலமுறை எழுதிப் பழகிய மாணவர் அவ்வினாத்தாளில் உயர் மதிப்பெண் பெறுவதும், பாடத்தை அறிந்திருப்பதும் ஒன்றல்ல. மேலும் நோயாளரின் வயது, நோயின் காலஅளவு, மருத்துவமனைச் சூழல், அளவீட்டு முறை ஆகியன சோதனைக்குச் சோதனை மாறுகின்றன. எனவே கணிப்பின் சரித்தன்மை குறித்த எண்ணைக் காணும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது, அது எவரிடம் சோதிக்கப்பட்டது என்பதே.

நடைமுறையில் சோதிக்கப்பட்ட ஒரு கணிப்பு

கணிப்பு சரியாக இருப்பதைவிட, அதனைப் பின்பற்றியதால் நோயாளர் மிகுதியாக நலம் பெற்றனரா என்பதே இறுதிச் சான்று. 2022ஆம் ஆண்டில் டெல்காடில்லோ குழுவினர் இங்கிலாந்தின் பொது உளச்சிகிச்சைச் சேவைகளில் நடத்திய ஆய்வு அத்தகையது. அங்கு வழக்கமான படிநிலை முறையில் பெரும்பாலோர்க்கு முதலில் வழிகாட்டுதலுடன் கூடிய தன்னுதவிப் பயிற்சி அளிக்கப்படும். பயன் இல்லையெனில் தீவிர உளச்சிகிச்சை தரப்படும். ஆய்வில் ஒரு பிரிவு சிகிச்சையாளர் இம்முறையைப் பின்பற்றினர். மற்றொரு பிரிவினர், தீவிர உளச்சிகிச்சை எவருக்குத் தொடக்கத்திலேயே தேவை என்பதைக் கணினிக் கணிப்பின் துணையுடன் முடிவு செய்தனர். பங்கேற்ற 951 நோயாளருள் வழக்கமான முறையில் 45.1 விழுக்காட்டினரும், கணிப்பு முறையில் 52.3 விழுக்காட்டினரும் நம்பத்தக்க முன்னேற்றம் கண்டனர். நூறு பேருக்கு ஏறத்தாழ ஏழு பேர் என்பது வியப்பூட்டும் எண்ணன்று. ஆனால் அது புதிய மருந்தோ ஸ்கேன் கருவியோ இன்றி, இருக்கும் சேவையை உரியவருக்கு உரிய நேரத்தில் அளித்ததால் கிடைத்தது.

இந்தியச் சூழலும் மொழியும்

மேற்கண்ட தரவுகளுள் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளைச் சார்ந்தது. ஓர் அமெரிக்க நகரில் ‘வேலையின்மை’ அல்லது ‘மணமானவர்’ என்னும் குறிப்பு உணர்த்தும் வாழ்க்கைநிலையும், இந்தியச் சிற்றூரில் அது உணர்த்தும் வாழ்க்கைநிலையும் ஒன்றல்ல. அங்கே கண்ட தொடர்பை இங்கே அப்படியே பொருத்துவது முன்பகுதியில் கண்ட பிழையை இன்னும் பெரிய அளவில் செய்வதாகும்.

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு உடையோருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றது. சிகிச்சையே கிட்டாதவர்க்குச் சிகிச்சைத் தேர்வு எதற்கு என்று வினவலாம். வளங்கள் குறைவாக உள்ள இடத்தில்தான் தவறான முதல் தேர்வின் இழப்பு பெரிது என்பதே விடை. நெடுந்தொலைவிலிருந்து ஒருநாள் கூலியை இழந்து வருபவர், பயன் காணாவிடில் மீண்டும் வருவது உறுதியன்று.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் 495 பேரிடம் நடத்தி, 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கு முதன்மையானது. மனநல வல்லுநர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் வழங்கிய உளச்சிகிச்சையால் மூன்று மாதங்களில் 64 விழுக்காட்டினர் முழுத்தணிவு பெற்றனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரிடம் அது 39 விழுக்காடு. இதே உளச்சிகிச்சையையும் ஃபுளுவாக்செட்டின் மருந்தையும் சமவாய்ப்பு முறையில் ஒப்பிட்டு, எவருக்கு எது ஏற்றது என்பதை அறியும் ஆய்வு போபாலின் ஆரம்பநிலை மருத்துவச் சேவையில் வடிவமைக்கப்பட்டது. இந்திய நோயாளரைப் பற்றிய தேர்வுக் கணிப்பு இந்தியத் தரவுகளிலிருந்தே எழுவதற்கு இது வழிவகுக்கிறது.

இவ்விடத்தில் மொழியாய்வாளருக்கும் பங்கு உண்டு. கணிப்பு மாதிரிகள் பலவற்றின் மூலப்பொருள் வினாநிரலுக்கு நோயாளர் தரும் விடைகளே. தமிழில் மனச்சோர்வு, மன அழுத்தம், மன உளைச்சல் ஆகிய சொற்கள் வழக்கில் ஒன்றுக்கொன்று மாறி ஆளப்படுகின்றன. ‘மன அழுத்தம்’ என்னும் சொல் வேலைப்பளுவால் வரும் நெருக்கடியையும் குறிக்கிறது. மனச்சோர்வு நோயையும் குறிக்கிறது. நோயாளரோ ‘மனசே சரியில்லை’, ‘உடம்பெல்லாம் அசதி’, ‘எதிலும் நாட்டம் இல்லை’ என்று கூறுவர். வினாநிரலின் மொழிபெயர்ப்பு இவ்வழக்குகளைக் கருதாவிடில் விடையில் பிழை புகும். அளவீட்டில் புகுந்த பிழையை எந்த எந்திரக் கற்றலும் முழுமையாக நீக்காது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. மனச்சோர்வுச் சிகிச்சைகளின் சராசரிப் பயன் ஏறத்தாழ ஒத்திருப்பதால், எல்லா நோயாளருக்கும் அவை ஒரேபோலப் பயன்படும் என்று முடிவு செய்தல் கூடாது.

2. ‘குணமடைவார்’ என்னும் விளைவுக் கணிப்பைக் கொண்டு ‘இச்சிகிச்சையே ஏற்றது’ என்று கூற இயலாது. சமவாய்ப்பு முறையில் இரு சிகிச்சைகளை ஒப்பிட்ட தரவுகளே தேர்வுக் கணிப்புக்கு உறுதியான அடிப்படையாகும்.

3. ஓரிடத்தில் உருவான கணிப்பு வேறிடத்தில் சோதிக்கப்படும் வரை கருதுகோளே ஆகும். டெக்சாமெதசோன் சோதனையின் வரலாறும் 2024ஆம் ஆண்டு ஆய்வும் இதனை வலியுறுத்துகின்றன.

4. ஒரு தனி ஸ்கேனோ குருதிச் சோதனையோ மரபணுச் சோதனையோ தானே சிகிச்சையைத் தீர்மானிக்கும் நிலை இன்னும் எய்தப்படவில்லை. பெருஞ்செலவில் அவற்றை நாடும் குடும்பங்களுக்கு இதனைத் தெளிவாக எடுத்துரைத்தல் வேண்டும்.

5. முதல் தேர்வு தவறக்கூடும் என்பதால் தவறியதை விரைந்து கண்டறிதல் இன்றியமையாதது. நோய்க்குறிகளைக் குறித்த இடைவெளியில் வினாநிரல் கொண்டு அளந்து, பயனில்லாத சிகிச்சையைக் காலந்தாழ்த்தாது மாற்றுதல் இன்றே கைக்கொள்ளத்தக்க வழியாகும்.

முதல் சிகிச்சை பயன்தராதபோது நோயாளர் அதனைத் தம் குறையாகவே கருதிவிடுகிறார். தவறியது அவரல்லர், அவருக்கெனத் தேர்ந்த சிகிச்சையே என்பதை அவருக்கு உணர்த்துவது, முன்கணிப்பு முழுமை பெறும் காலம் வரை மருத்துவர்க்கும் சுற்றத்தார்க்கும் உரிய கடமையாகும்.